இரவல் வெளிச்சம்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்குவதற்குச் சற்று முன்னால் அமைந்திருக்கும் அத்திபெலே என்னும் ஊரைப் பஸ்ஸில் கடந்து செல்லும் பிரயாணிகள், சுங்கச்சாவடியையும், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஜனங்கள் மொய்க்கும் பட்டாசுக் கடைகளையும் நினைவில் வைத்திருப்பார்களேயன்றி, அவ்வூருக்கென்று வேறு விசேஷம் எதையும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒருபுறம் ஓசூர் சிப்காட்டும், மறுபுறம் எலக்ட்ரானிக் சிட்டியும், நடுவில் உள்ளூர்த் தொழிற்பேட்டையும் ஆட்களை இழுத்துக்கொள்ள, அவர்களுக்காக எழும்பிய வாடகை வீடுகளின் முன்னறைகளில், டி.வி.க்குப் பக்கத்திலோ செருப்பு ஸ்டாண்டின் மேலோ, இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருப்பதை, மாலை வேளையில் தெருவோடு நடந்து போகிறவன் திறந்த கதவுகளின் வழியாகக் காணலாம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாசற்படியில் கலந்து ஒலிக்கும் அந்த வீடுகளில், ஷிப்டு முடிந்து வருகிறவர் முகம் கழுவுவதற்கு முன்பே தட்டுகிற சுவிட்சு பெரும்பாலும் அந்தத் தொட்டியின் விளக்குக்கு உரியது. விரல் பருமனுள்ள ஒரு வெள்ளைக் குச்சி விளக்கு. அதன் கீழே நாலைந்து கோல்டு பிஷ். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் அந்தக் குச்சி இந்த விலைக்கு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த சரித்திரத்தைத் தொடர்ந்து பார்த்தால், மீன்தொட்டிக்கென்றே ஒருவர் முனைந்து கண்டுபிடித்த விளக்கு அனேகமாக எதுவுமே இல்லை என்பதும், மீன் வளர்ப்பவன் எந்தக் காலத்திலும் வேறொரு காரியத்துக்காகப் பிறந்த வெளிச்சத்தை இரவல் வாங்கியே தன் தொட்டியை நடத்தி வந்திருக்கிறான் என்பதும் புலப்படும்.

மீனைப் பார்த்து மகிழ்வது நம் தேசத்தில் புதிய பழக்கமன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்யாணியிலிருந்து கன்னட நாட்டை ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் சம்ஸ்கிருதத்தில் இயற்றிய மானசோல்லாசம் என்ற பெருநூலில், அரசர்க்குரிய விநோதங்களுள் ஒன்றாக மத்ஸ்ய விநோதம் இடம்பெற்று, மீன்களின் வகைகளையும் அவற்றுக்கு இடவேண்டிய தீனியையும் விஸ்தாரமாகச் சொல்கிறது. அந்தத் தீனிக்குப் பின்னால் தூண்டில் முள் ஒன்று காத்திருந்தது என்பது வேறு விஷயம். சிருங்கேரியில் துங்கையின் படித்துறையில் பொரி வாங்கித் தூவி மீன்களைக் கூட்டமாக மேலே வரவழைத்துப் பார்ப்பது இன்றும் யாத்திரிகர்கள் தவறாமல் செய்கிற காரியம். நம் கோயில் குளங்களிலும் அதே வழக்கம் உண்டு. இவை எல்லாவற்றிலும் மனிதன் மேலே நிற்கிறான், மீன் கீழே இருக்கிறது, சூரியன் இருவருக்கும் பொது. மீனின் முதுகைத்தான் நாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பார்த்து வந்தோம். அதன் விலாவை, அதாவது அதன் அழகெல்லாம் அடங்கியுள்ள பக்கத்தை, நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்ப்பதற்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. கண்ணாடி வந்தவுடனே வெளிச்சம் ஒரு பிரச்சினையாக எழுந்தது.

அந்தக் கண்ணாடியும் மலிவு விலையின் குழந்தைதான். இங்கிலாந்தில் கண்ணாடியின் மீதிருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டு அதன் விலை சரிந்த பிறகே, சாதாரண குடும்பங்களின் வரவேற்பறைகளில் பெரிய கண்ணாடிப் பாத்திரங்கள் நுழைந்தன. 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் பொன்மீன் இரண்டும், நாடாவைப் போல நீண்ட இலைகளையுடைய வாலிஸ்நேரியா என்ற நீர்ப்பூண்டும், அழுகின இலையையும் பாசியையும் தின்பதற்குக் குளத்து நத்தைகள் சிலவும் இட்டு, நீரை மாற்றாமலே அவை மூன்றும் ஒன்றையொன்று காத்து வாழும் என்று காட்டினார். செடி வெளியிடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கிறது. மீனின் கழிவைச் செடி உண்கிறது. இந்தச் சக்கரத்தைச் சுழலச் செய்வது வெளிச்சம் ஒன்றுதான். ஆகவே மீன்தொட்டியில் விளக்கு வெறும் அலங்காரம் என்று எண்ணுகிறவர்கள், அக்கலை பிறந்த தினத்திலேயே அது உயிருக்கு ஆதாரமாகக் கருதப்பட்டதை மறந்தவர்களாவர்.

அன்றைக்குக் கிடைத்த வெளிச்சம் ஜன்னல் வெளிச்சமே. பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 1854-இல் எழுதிய அக்வேரியம் என்ற நூல் சீமை முழுவதும் ஒரு மோகத்தையே கிளப்பிவிட, வீடுதோறும் ஜன்னலோரம் தொட்டிகள் ஏறின; ஏறிய வேகத்திலேயே பல தொட்டிகளின் நீர் பச்சைக் கூழாகவும் ஆயிற்று. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1853-இல், லண்டன் மிருகக்காட்சி சாலையில் திறக்கப்பட்ட மீன் மாளிகையும் சுற்றிலும் கண்ணாடியால் ஆன செடி வளர்ப்புக் கூடத்தைப் போலவே கட்டப்பட்டிருந்தமையால், வெயிலில் நீர் சூடேறிப் பாசி பிடித்துத் தொல்லை கொடுத்தது. வில்லியம் ஆல்போர்டு லாயிட் என்பவர்தான் இதற்கு ஒரு மாற்றைச் செய்து காட்டினார். பார்ப்பவர்கள் நிற்கும் கூடத்தை இருட்டாக்கி, தொட்டிகளின் மேற்பரப்பிலிருந்து மட்டும் அளவான வெளிச்சத்தை இறக்கினால், பாசியும் அடங்கும், மீனும் பிரகாசிக்கும் என்பது அவர் கொள்கை. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் அவர் அமைத்த காட்சிசாலை இம்முறையில் எழுந்தது. வெளிச்சம் மேலிருந்து வரவேண்டும், அளவோடு வரவேண்டும் என்ற இரண்டு விதிகளும் அன்றைக்கு ஏற்பட்டவை. அத்திபெலேயில் கிழக்குப் பார்த்த வாசலுக்கு நேராகத் தொட்டியை வைத்துவிட்டு, வாரத்துக்கொரு முறை கண்ணாடியைச் சுரண்டிக் கொண்டிருக்கும் நண்பர்களுக்கு இவ்விதிகள் இன்னும் வந்து எட்டவில்லை.

நம் பக்கத்தில் இந்தக் கலைக்கு முதல் பொதுமண்டபம் கிடைத்தது சென்னையில். மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் திட்டமிட்ட கடல்மீன் காட்சிசாலை 1909-ஆம் ஆண்டு அக்டோபரில் மெரினாக் கடற்கரையில் திறக்கப்பட்டது; பத்தாண்டு கழித்து மீன்துறை அதை ஏற்று நடத்தியது; ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பீதி நகரத்தைக் காலி செய்வித்த 1942-இல் அது மூடப்பட்டுப் போயிற்று. பம்பாயில் தாராப்பூர்வாலா காட்சிசாலை 1951-இலும், பெங்களூர் கப்பன் பூங்காவில் அரசாங்க மீன் காட்சிசாலை 1983-இலும் வந்தன. இவற்றைப் பார்த்துத் திரும்பிய குழந்தைகளின் பிடிவாதமே வீட்டுத் தொட்டி வியாபாரத்தின் மூலதனம் என்று சொன்னால் மிகையாகாது.

மின்சார விஷயத்தில் மைசூர் சமஸ்தானம் முந்திக்கொண்டது. இந்த ஊரும் அந்தச் சமஸ்தானத்தைச் சேர்ந்ததே. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு ஓசூர்ச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாகி, அத்திபெலே மைசூரின் விளிம்பாக நின்றுவிட்டது. ஒரே ஏரிமேட்டில் மாடு மேய்த்தவர்கள் இரண்டு ராஜாங்கங்களின் பிரஜைகளானார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கப்பட்ட சிவசமுத்திர நீர்மின் நிலையம் 1902-இல் வேலை செய்யத் தொடங்கியபோது, காவிரியின் வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் 92 மைல் கம்பியில் ஓடிக் கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. 1905 ஆகஸ்டில் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. சிவசமுத்திர நிலையத்துக்கு மின் இயந்திரங்களை அனுப்பியது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கதையில் அந்தப் பெயர் மறுபடியும் வரும். 1936-இல் பெங்களூர் மல்லேசுவரத்துப் பக்கம் மைசூர் லாம்ப் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலை ஏற்பட்டு, குண்டு பல்புகளை உள்நாட்டிலேயே செய்து கொடுத்தது.

குண்டு பல்பு வீட்டு மீன்தொட்டிக்கு வந்த முதல் மின்சார ஒளி. வீட்டுக்காகப் பிறந்ததை ஒரு தகரப் பெட்டிக்குள் கவிழ்த்துத் தொட்டியின் மேல் வைத்தார்கள். அது உண்ணும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் வெளிச்சமாக மாறியது, மீதியெல்லாம் உஷ்ணம். மார்கழிக் குளிரில் பெங்களூர்ப் பீடபூமியில் இந்த உஷ்ணம் மீன்களுக்கு உபகாரமாக இருந்ததுண்டு. சித்திரையில் அதுவே அபகாரம். மீன் துள்ளி ஒரு சொட்டு நீர் சூடான கண்ணாடியில் பட்டால் பல்பு வெடிக்கும். ஹோல்டர் துருவேறிக் கழன்று வரும். ஆனால் அதன் மஞ்சள் கலந்த ஒளியில் கோல்டு பிஷ் காட்டிய செம்பொன் நிறத்தை, பின்னால் வந்த எந்த விளக்கும் அவ்வளவு தாராளமாகக் காட்டவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

1938-இல் அதே ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி ட்யூப்லைட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உத்தேசிக்கப்பட்ட அந்த விளக்கு, நீளமாக இருந்ததாலும் குளிர்ச்சியாக இருந்ததாலும், நீளமான தொட்டிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போலப் பொருந்தியது. சுதந்திரத்துக்குப் பின் நம் நாட்டிலும் பரவிய ட்யூப்லைட்டின் கீழேதான், இரும்பு ஆங்கிளில் புட்டி வைத்துப் பதித்த பழைய தொட்டிகளும், பிற்பாடு சிலிக்கோன் பசையால் மட்டுமே ஒட்டிய முழுக்கண்ணாடித் தொட்டிகளும் நம்முடைய கூடங்களில் ஆட்சி செய்தன. ட்யூப்லைட்டோடு வாழ்ந்தவர்களுக்கு அதன் சுபாவங்கள் மறந்துபோக மாட்டா. சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கியிருக்கும் நேரத்தில் சுவிட்சைப் போட்டால், இரு முனைகளிலும் செக்கச் சிவந்து, கண் சிமிட்டிச் சிமிட்டி, எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்டார்ட்டரைக் கால் திருகு திருகிக் கழற்றி மறுபடி செருகினால், அதட்டலுக்குப் பணிந்த குழந்தையாகச் சட்டென்று எரியும். உள்ளே சோக்கு சுருதி பிடித்தாற்போல் ரீங்காரம் செய்துகொண்டிருக்கும். முனைகள் கறுத்து வந்தால் ஆயுள் முடிகிறது என்று பொருள். கறுப்பதற்கு முன்னமே ஒளியின் வலு குன்றிச் செடிகள் வெளுக்கத் தொடங்கும் என்பது நாள்பட வளர்த்தவர்களுக்கே தெரியும். விளக்கு 40 வாட், சோக்கு தின்பது தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட் என்ற கணக்கையும் மாதாந்திர மின்கட்டணச் சீட்டு மௌனமாக உணர்த்தி வந்தது.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. 1960-களில் சில்வேனியா கம்பெனி குரோலக்ஸ் என்ற பெயரில், செடிகள் விரும்பி உண்ணும் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாகச் சொரியும் ட்யூபை வெளியிட்டது. மீன் பிரியர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆயினும் அதுவும் செடிக்காகப் பிறந்ததே. மீன்தொட்டி அங்கும் இரவல்காரன்தான். இன்று கடைகளில் ரோஜா நிறத்தில் ஒளிரும் மலிவு விளக்குகளெல்லாம் அந்தக் குடும்பத்தின் ஏழைச் சந்ததிகள்.

எல்.இ.டி.யின் கதை 1962-இல், மீண்டும் ஜெனரல் எலக்ட்ரிக்கில், நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை உமிழும் ஒரு சிறு துணுக்கைச் செய்ததிலிருந்து தொடங்குகிறது. முப்பது ஆண்டுக் காலம் அது ரேடியோவிலும் கால்குலேட்டரிலும் சிறு வர்ணப் புள்ளியாகவே காலம் கழித்தது. ஏனெனில் நீலம் அகப்படவில்லை, நீலமின்றி வெண்மை இல்லை. ஜப்பானில் அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகிய இருவரின் நெடிய உழைப்பாலும், நிச்சியா கம்பெனியில் ஷூஜி நாகமுரா 1993-இல் அறிவித்த வெற்றியாலும் பிரகாசமான நீலம் கிடைத்தது. அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் வெள்ளை பிறக்கும் என்று கண்டு, 1996-இல் அதே கம்பெனி விளக்கே செய்து விற்றது. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு வந்தது. நீர்ச்செடிகளைக் கொண்டு தொட்டிக்குள் காடும் மலையும் படைத்து உலகத்தை மயக்கிய கலைஞரின் பெயரும் அமானோதான், தகாஷி அமானோ. ஒருவர் விளக்கையும் மற்றவர் அதன் கீழ் வளர்க்க வேண்டிய தோட்டத்தையும் கொடுத்தனர் என்றாலும், இருவருக்கும் வேறு எவ்விதச் சம்பந்தமும் இல்லை. தகாஷியின் தோட்டங்கள் புகழ்பெற்ற காலத்தில் அவற்றின் மேல் எரிந்தவை எல்.இ.டி. அல்ல, மெட்டல் ஹாலைடும் ட்யூப்லைட்டுமே.

எனினும் விளக்கு கண்டுபிடிக்கப்படுவது ஒன்று, அத்திபெலேயில் வாடகை வீட்டில் இருப்பவரால் வாங்க முடிவது மற்றொன்று. அந்த இரண்டாவது காரியத்தைச் செய்தது அரசாங்கத்தின் மொத்தக் கொள்முதல். 2014-இன் தொடக்கத்தில் ஒரு எல்.இ.டி. பல்பை 310 ரூபாய்க்கு வாங்கிய மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். ஸ்தாபனம், கோடிக்கணக்கில் டெண்டர் கேட்கக் கேட்க, 2016-இல் அதையே 38 ரூபாய்க்குப் பெற்றது. 2015 ஜனவரியில் தொடங்கிப் பின்னர் உஜாலா என்று பெயர் பெற்ற அத்திட்டத்தில் முப்பத்தாறு கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகமாயின. கர்நாடகத்தில் அது ஹொஸ பெளகு என்ற பெயரோடு அவ்வாண்டின் கடைசியில் வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டில் மீனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருந்திருக்காது. ஆனால் அவ்விலைச் சரிவின் நன்மையை அதிகச் சந்தடியில்லாமல் அனுபவித்தவர்களில் மீன் வளர்ப்போரும் சேர்த்தி. மைசூர் லாம்ப் ஒர்க்ஸ் அதைப் பார்க்கவில்லை. 2003-இலேயே அதன் உலைகள் அணைந்துவிட்டன.

இப்போது கடைக்குப் போகிறவர் இரண்டு பொருள்களைக் காண்கிறார். மீன் கடையில், சோபோ, ஆர்.எஸ். முதலிய சீன முத்திரைகளைத் தாங்கி, தொட்டியின் விளிம்பில் கவ்வி நிற்கும் விளக்கு. அடுத்த எலக்ட்ரிக் கடையில், சமையலறைக்கும் மாடிப்படிக்கும் விற்கிற சாதாரண எல்.இ.டி. பட்டி விளக்கு. முந்தையதன் அட்டைப்பெட்டியில் பவழமும் வண்ண மீனும் அச்சாகியிருக்கின்றன என்பதைத் தவிர, உள்ளே இருக்கும் வெள்ளைத் துணுக்குகளுக்கிடையில் பெரிய ஜாதி வித்தியாசம் ஒன்றுமில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 54 லிட்டர் நீர் கொள்ளும். வாலிஸ்நேரியா, ஜாவா பெர்ன், அனுபியாஸ் போன்ற பொறுமைசாலிச் செடிகளுக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லூமன் ஒளி போதுமாகையால், 1000 லூமன் தரும் 10 வாட் விளக்கு ஒன்று தாராளம். வீட்டுக்கான பட்டி விளக்கு இதைக் கொடுத்துவிடும். பெட்டியில் 6500 கே என்று எழுதியிருந்தால் அது பகல் வெளிச்சத்தை ஒத்தது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. என்ற எண் 80-க்குக் குறையாமல் இருந்தால் மீனின் சிவப்பு வெளிறிப் போகாது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரித்தாலும் மாதத்துக்கு இரண்டரை யூனிட்டுக்குள் முடியும். பழைய ட்யூப்லைட் சோக்கோடு சேர்ந்து பன்னிரண்டு யூனிட்டை விழுங்கியது.

வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்குவதும், ரோஜா நிற ஒளியில் கடைத்தொட்டியின் மீன் ரத்தச் சிவப்பாக ஜொலிக்கக் கண்டு மயங்கி அம்மீனை வாங்குவதும் ஒரே வகைப் பேதைமை. வெள்ளை விளக்கின் கீழ் காட்டச் சொல்லி வாங்குவதே விவேகம். எட்டு மணி நேரத்துக்கு மேல் விளக்கை எரிய விட்டால் செடிக்கு முன்னால் பாசிதான் நன்றி சொல்லும். ஷிப்டுக்குப் போகும் வீடுகளில் இருநூறு முந்நூறு ரூபாய் டைமர் ஒன்று மனிதனைவிட ஒழுங்காக இந்த வேலையைச் செய்யும்.

வீட்டுப் பட்டி விளக்கை இரவல் வாங்குவதில் ஓர் அபாயம் உண்டென்பதையும் மறைக்கலாகாது: அது 230 வோல்ட்டை நேரே தன் வயிற்றில் வைத்திருக்கிறது, நீராவியைத் தாங்கும் வகையில் மூடப்பட்டதுமன்று. தொட்டியின் மேல் கண்ணாடி மூடி ஒன்றைப் போட்டு, அதற்கு நாலங்குலம் மேலே விளக்கைச் சுவரிலோ ஸ்டாண்டிலோ பொருத்தி, ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, வழிந்து வரும் நீர் பிளக்கை எட்டாமல் அந்த வளைவிலேயே சொட்டிப் போகும்படி செய்ய வேண்டும். இவ்வளவு ஏற்பாடு செய்ய இடமில்லாத வீட்டிலும், குழந்தைகள் கையை விடும் தொட்டியிலும், 12 வோல்ட் அடாப்டர் தனியாக வரும் கவ்வு விளக்கே உசிதம், நூறு ரூபாய் கூடினாலும். மலிவு எல்.இ.டி.யில் முதலில் கெடுவது துணுக்கு அல்ல, அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர். ட்யூப்லைட் காலத்தில் சோக்கு போனால் சோக்கு, ஸ்டார்ட்டர் போனால் ஸ்டார்ட்டர் என்று அங்கம் அங்கமாக மாற்றியது போல் இப்போது செய்ய முடிவதில்லை, விளக்கையே எறிய வேண்டியிருக்கிறது. அடாப்டர் தனியாக இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். மீன் கடையில் அது தனியாகக் கிடைப்பது துர்லபம், அத்திபெலேயிலிருந்து பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் போகும் பஸ்ஸில் ஏறி, இறங்கி, எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தால் கடைக்குக் கடை தொங்கவிட்டிருக்கிறார்கள். பழைய அடாப்டரைக் கையோடு எடுத்துப்போய், அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டிக் கேட்க வேண்டும். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் கூடினால் தோஷமில்லை.